மறுப்பியல்: ஒரு சிற்றிலக்கணம்

இலக்கணம் செய்யப் புகுவோர் முதலில் எல்லை உரைக்க வேண்டும். இந்நூல் வழங்கும் எல்லை: வடக்கே அலிபிரி சோதனைச் சாவடி, தெற்கே சித்தூர் வெல்ல மண்டி, கிழக்கே நகரி, மேற்கே என் பைக்கில் பெட்ரோல் இருக்கும் மட்டும். தமிழுக்கு வட எல்லையாகத் தொல்காப்பியப் பாயிரம் வைத்தது வேங்கடத்தை. அந்த மலையடியிலேயே கம்ப்யூட்டர் சர்வீஸ் கடை போட்டிருப்பவனுக்கு இலக்கணம் செய்யக் கொஞ்சம் பாத்தியதை உண்டு என்பது என் எண்ணம். யாரிடமும் அனுமதி கேட்கவில்லை.

நுதலிய பொருள் மறுப்பு. மென்பொருள் ஒன்றை நிறுவப் போகிறோம். கணினி மாட்டேன் என்கிறது. டிஸ்கில் இடமில்லை என்பதும், சிடியில் கீறல் என்பதும் இந்நூலுள் அடங்கா. அவை வறுமையால் வருவன. எல்லாம் இருந்தும் ‘உனக்குக் கிடையாது’ என்று வருவதே இங்கே மறுப்பு எனப்படும். இயந்திரம் இதைப் பிழை எண் 5 என்று குறிக்கும். மனிதர்கள், “நான்தான் சார் அட்மின், என்னையே வேணாங்குது” என்று குறிப்பார்கள். இரண்டும் ஒருபொருட் பன்மொழி.

இதன் வரலாறு நீண்டது, சுருக்கிவிடுகிறேன். விண்டோஸ் 95, 98 ஓடியது கிருதயுகம். யாரும் யாரையும் மறுக்கவில்லை, வைரஸையும் சேர்த்து. 2001இல் வந்த எக்ஸ்பியில் பூட்டு இருந்தது. ஆனால் வாங்கியவர் எல்லோருக்கும் பெரிய சாவியையே கொடுத்தனுப்பினார்கள். 2007 ஜனவரியில் விஸ்டா கடைக்கு வந்தது. அன்றிலிருந்துதான் திரை இருண்டு, நடுவில் ஒரு பெட்டி எழுந்து, ‘அனுமதிக்கிறாயா?’ என்று கேட்க ஆரம்பித்தது. யூனிக்ஸ்காரர்கள் இதைக் கேட்டுச் சிரிப்பார்கள். உடையவர், குழுவினர், ஏனையோர் என மூவிடம் வகுத்து, படித்தல், எழுதுதல், இயக்குதல் என மூன்று தொழிலையும் அவர்கள் 1970களிலேயே பங்கிட்டுவிட்டார்கள். தன்மை, முன்னிலை, படர்க்கை படித்த நமக்கு அது புதிதாகத் தோன்றாது.

இனி டோக்கன். இந்த அதிகாரம் புரியாதவருக்கு மற்ற எதுவும் புரியாது. ஆகவே இங்கே சற்று உட்காருவோம்.

திருப்பதிக்காரர்களுக்கு டோக்கன் என்றால் விளக்கம் வேண்டாம். விஷ்ணு நிவாசம், ஸ்ரீனிவாசம், பூதேவி காம்ப்ளெக்ஸ் என்று மூன்று இடத்தில் விடிவதற்கு முன்பே வரிசை நிற்கும். ஆதாரைக் காட்டினால் இலவச தரிசனத்துக்கு நேரம் போட்ட சீட்டு கிடைக்கும். முந்நூறு ரூபாய் சிறப்பு நுழைவு தனி வரிசை. மேலே வைகுண்டம் வரிசை வளாகத்தில் நிற்கும் ஊழியர் உங்கள் குலம், கோத்திரம், வங்கி இருப்பு எதையும் கேட்பதில்லை. கையில் எந்தச் சீட்டு? அவ்வளவுதான்.

விண்டோஸ் உள்ளேயும் இதன் பெயர் டோக்கன்தான். நான் உவமைக்காகச் சொல்லவில்லை, அதைக் கட்டியவர்களே வைத்த பெயர். விஸ்டாவுக்குப் பின், அட்மின் ஒருவர் உள்ளே நுழைந்தால் அவருக்கு இரண்டு டோக்கன் எழுதப்படுகிறது. ஒன்று, அதிகாரம் வடிகட்டிய சாதாரண டோக்கன். மற்றது முழு டோக்கன். அன்றாட வேலைக்கெல்லாம் முதலாவதுதான் கையில். இரண்டாவது மடியில் முடிந்து கிடக்கும். திரை இருண்டு கேள்வி வந்து, நீங்கள் ‘யெஸ்’ என்ற பிறகுதான் அந்த ஒரு நிரலுக்கு மட்டும் மடி அவிழ்கிறது. ஆகவே “நான்தான் அட்மின்” என்பது உண்மையாகவும் பயனில்லாததாகவும் ஒரே நேரத்தில் இருக்க முடியும். வாசலில் பார்க்கப்படுவது ஆளில்லை, நிரலின் கையில் உள்ள சீட்டு. வலது பக்கம் கிளிக் செய்து ‘அட்மினாக இயக்கு’ என்பது மந்திரமன்று. மடியை அவிழ் என்பதன் பணிவான வடிவம்.

இதிலிருந்து பிறக்கும் மறுப்பு ஒன்று உண்டு. கேட்டால் நம்ப மாட்டீர்கள். கடையில் சர்வர் இருக்கிறது. அதன் பொதுக் கோப்புறையை எல்லா மெஷினிலும் இசட் டிரைவ் என்று இணைத்திருக்கிறார்கள். நிறுவி அங்கே கண்ணெதிரே இருக்கிறது. இயக்கினால், அனுமதி கேட்டு, ‘யெஸ்’ வாங்கிக்கொண்டு, ‘இசட் டிரைவா? அப்படி ஒன்று இல்லையே’ என்கிறது. காரணம்: அந்த இணைப்பைப் போட்டது சாதாரண டோக்கன். முழு டோக்கனுக்கு அது வேறு ஆள் போட்ட இணைப்பு. திருமலையில் தரிசனத்துக்கு முன் செல்போனைக் கவுண்டரில் கொடுத்துவிட்டு, வேறு கவுண்டரில் போய்ச் சீட்டில்லாமல் கேட்பதுபோல. நிறுவியை சி டிரைவில் நகலெடுத்து இயக்கினால் தீர்ந்தது. இதற்காக நான் ஒருமுறை ஒரு லாட்ஜுக்கு இரண்டு நாள் போய் வந்தேன் என்பதைப் பதிவு செய்ய வெட்கமாக இருக்கிறது.

இனி மறுப்பின் வகை. சொல்லி மறுத்தல், எண் சொல்லி மறுத்தல், ஏற்றதுபோல் மறுத்தல், உடையவரையே மறுத்தல், இடம் பெயர்ந்ததால் மறுத்தல் என ஐந்து. பெயர் கேட்டு மிரளுதல் என்று ஆறாவதும் உண்டு. அதை மறுப்பு என்பதா அச்சம் என்பதா என்பதில் எனக்கும் என் கடைப் பையனுக்கும் கருத்து வேறுபாடு. ‘செட்டப்’, ‘இன்ஸ்டால்’, ‘அப்டேட்’ என்ற சொற்கள் பெயரில் இருந்தாலே, பழைய வகை நிரலை விண்டோஸ் நிறுவி என்று கருதி அனுமதிப் பெட்டியை நீட்டிவிடும். கையிருப்புப் பட்டியலைச் சரிசெய்யும் சின்ன நிரல் ஒன்று, பெயரில் ‘அப்டேட்’ இருந்த பாவத்துக்குத் தினமும் அனுமதி கேட்டது. பையன் அதற்கு ‘சரக்கு’ என்று பெயர் மாற்றினான். பிறகு கேட்கவே இல்லை.

சொல்லி மறுத்தல் எளிது, விட்டுவிடலாம். எண் சொல்லி மறுப்பதில் தலைமையானது 1603. ‘நிறுவும்போது பெரும் பிழை’ என்பது அதன் பொருள். அதாவது பொருளே இல்லை. இதை அறிய லட்டை நினைக்க வேண்டும். லட்டை நாம் பிடிப்பதில்லை. கவுண்டரில் கேட்கிறோம், ‘போட்டு’ என்று இங்கே சொல்லும் மடைப்பள்ளியில், நாம் நுழைய முடியாத இடத்தில், வேறு ஆட்கள் செய்கிறார்கள். விண்டோஸின் நிறுவல் சேவையும் அப்படியே: நாம் கேட்போம், ‘சிஸ்டம்’ என்னும் கணக்கின் பேரில் அது செய்யும். ஆளில்லாத அந்தக் கணக்குக்குத்தான் நம்மைவிட அதிகாரம் அதிகம். இப்போது ஒரு வட்டிக்கடை முதலாளி. யாரையும் நம்பாத நல்ல மனிதர். நிறுவ வேண்டிய கோப்புறையின் உரிமைப் பட்டியலைத் திறந்து, தம் பெயரைத் தவிர மற்ற எல்லாப் பெயரையும் நீக்கினார். அதில் ‘சிஸ்டம்’ என்பதும் போயிற்று. யாரோ வெளியாள் என்று நினைத்தாராம். சமையல்காரரை வெளியே தள்ளிக் கதவைச் சாத்திவிட்டு லட்டு வரவில்லை என்றால்? 1603.

ஏற்றதுபோல் மறுத்தலே இவற்றுள் கொடியது. சித்தூரில் ஒரு வெல்ல மண்டி. எக்ஸ்பி காலத்துக் கணக்கு மென்பொருளைப் புது மெஷினில் ஏற்றியிருந்தார்கள். பகலில் கணக்கர் தம் பெயரில் உள்ளே போய் பில் போடுவார். ராத்திரி முதலாளி தம் பெயரில் திறந்து பார்ப்பதாக ஏற்பாடு. ஒரு மாதம் கழித்துதான் முதலாளி உட்கார்ந்து பார்த்தார். ஒரு பில்லும் இல்லை.

“இன்னாப்பா, ஒரு மாசமா இன்னா பண்ணினே?”

“போட்டேன் மொதலாளி, அத்தனையும் போட்டேன்.”

“சரி, காணிப்பாக்கம் வா. புள்ளையார் முன்னாடி சொல்லு.”

வெளியூர் வாசகருக்கு: சித்தூரிலிருந்து பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டரில் காணிப்பாக்கம். அங்குள்ள வரசித்தி விநாயகர் முன் பொய்ச் சத்தியம் செய்ய இந்த வட்டாரத்தில் எவருக்கும் துணிவு வராது. கணக்கர் வண்டியை எடுத்துவிட்டார். கிளம்பும் முன் என்னையும் ஒரு வார்த்தை கேட்போம் என்று யாருக்கோ தோன்றியிருக்கிறது.

நடந்தது இது. பழைய மென்பொருள், தன் கணக்கைத் தான் குடியிருக்கும் ‘புரோகிராம் ஃபைல்ஸ்’ கோப்புறைக்குள்ளேயே எழுதும். விஸ்டாவுக்குப் பின் அங்கே எழுதச் சாதாரண டோக்கனுக்கு உரிமை இல்லை. இல்லை என்று சொன்னால் பழைய மென்பொருள்கள் வரிசையாக விழும். ஆகவே விண்டோஸ் ஒரு தந்திரம் செய்தது. ‘சரி, எழுதிக்கொள்’ என்று தலையாட்டிவிட்டு, எழுதியதை அந்தந்த ஆளின் தனிக் கோப்புறைக்குள் ‘விர்ச்சுவல் ஸ்டோர்’ என்ற இடத்தில் சத்தமில்லாமல் வைத்துவிடும். அவர் திறந்தால் அவருடையதைக் காட்டும். இவர் திறந்தால் இவருடையதை. ஒரு மண்டி, இரண்டு கணக்கு, யாரும் பொய் சொல்லவில்லை. கணக்கரின் கோப்புறைக்குள் ஒரு மாதத்து வெல்லம் முழுதும் கிடைத்தது. காணிப்பாக்கத்துக்கு எல்லோருமாகப் போய்த் தேங்காய் உடைத்துவிட்டு வந்தார்கள் என்று கேள்வி.

உடையவரையே மறுத்தலுக்கு வருவோம். முழு டோக்கனோடு போனாலும் விண்டோஸின் சில கோப்புகளைத் தொட முடியாது. அவற்றின் உரிமையாளர் ‘டிரஸ்டட் இன்ஸ்டாலர்’ என்ற வேறொருவர். “மெஷின் என்னுது, காசு என்னுது” என்பவரிடம் நான் திருமலையைக் காட்டுவேன். எத்தனை பெரிய காணிக்கை செலுத்தியவரும் பங்காரு வாகிலியைத் தாண்டிக் குலசேகரன் படிக்கு இப்பால்தான் நிற்பார். அப்பால் போவது வைகானச அர்ச்சகர்கள். சொத்தெல்லாம் சட்டப்படி பெருமாள் பேரில். நிர்வாகம் மட்டும் அதிகாரிகள் கையில். விண்டோஸில் அட்மினுக்கு ஒரு வழி கூடுதலாக உண்டு: உடைமையைத் தம் பேருக்கு மாற்றிக்கொள்ளலாம். செய்து பார்த்தவர்கள் மெஷினைத் தூக்கிக்கொண்டு என்னிடம் வருவார்கள்.

இடம் பெயர்ந்ததால் மறுத்தலை 1960க்கு முன் பிறந்தவர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. அந்த ஆண்டு ஏப்ரல் 1 அன்று, படாஸ்கர் தீர்ப்பின்படி திருத்தணி சென்னை மாநிலத்துக்குப் போனது. சத்தியவேடு பக்கம் சித்தூர் மாவட்டத்துக்கு வந்தது. எல்லை நகர்ந்தது, வாய்மொழி நகரவில்லை. கோப்பும் அப்படித்தான். ஒரே டிரைவுக்குள் வெட்டி ஒட்டினால் பழைய ஊரின் உரிமையோடே வரும். நகலெடுத்து ஒட்டினால் புது ஊரின் உரிமையை ஏற்கும். தன் மேசையிலிருந்து பொதுக் கோப்புறைக்கு நிறுவியை வெட்டி ஒட்டிய ஒருவர், “எல்லாருக்கும்தானே போட்டேன், ஏன் யாருக்கும் திறக்கல?” என்று கேட்டால், நகலெடுத்து ஒட்டச் சொல்லுங்கள். 2022 ஏப்ரல் 4 அன்று திருப்பதி தனி மாவட்டமானது வெட்டி ஒட்டலா நகலெடுப்பா என்பது தாலுகா ஆபீஸில் நின்றவர்களுக்குத் தெரியும்.

‘இவருக்கு மட்டுமா, எல்லோருக்குமா?’ என்று நிறுவி கேட்கும் கேள்வியையும் இங்கே தொட வேண்டும். 1639இல் கம்பெனிக்காரர் பிரான்சிஸ் டே சென்னையில் கோட்டை நிறுவத் தாமர்ல வெங்கடாத்ரி நாயக்கரிடம் அனுமதி வாங்கினார். நாயக்கர் அந்த வட்டாரத்துக்கு மட்டும் அதிகாரி. 1645இல் விஜயநகரத்து மூன்றாம் ஸ்ரீரங்கராயரிடம் அதை மறுபடி உறுதி செய்துகொண்டார்கள். முதலில் ஒரு பயனருக்கு, பிறகு எல்லாப் பயனருக்கும். அந்த நிறுவலை நீக்க 1947 வரை ஆயிற்று.

மருத்துவம். யூனிக்ஸ் பக்கம் 777 என்று ஓர் எண் உண்டு: மூவிடத்துக்கும் முத்தொழிலும் முழுதாகக் கொடு என்று பொருள். விண்டோஸில் ‘எவ்ரிஒன், ஃபுல் கண்ட்ரோல்’. அவசரக்காரர்களின் சஞ்சீவி. விரலில் அடிபட்டவனுக்கு உச்சி முதல் உள்ளங்கால் வரை கட்டுப் போட்டாற்போல. எங்கள் புத்தூர்க் கட்டு போடுகிறவர்கள் முதலில் தொட்டுப் பார்த்து எலும்பு எங்கே விலகியது என்று கண்டபின்தான் பச்சிலையும் முட்டை வெள்ளைக்கருவும் மூங்கில் பத்தையும் எடுப்பார்கள். கட்டும் அந்த இடத்துக்குத்தான். மண்டிக்கும் அதையே செய்தேன். கணக்குக் கோப்புறையை ‘புரோகிராம் ஃபைல்ஸ்’ விட்டு வெளியே நகலெடுத்து, அந்த ஒன்றில் மட்டும் இருவருக்கும் எழுதும் உரிமை கொடுத்தேன். கூலி இருநூறு ரூபாய், ஒரு அச்சு வெல்லம்.

ஒழிபு. போன வாரம் அதே மண்டியிலிருந்து கணக்கர் போன்.

“சார், ஸ்கிரீன் இருட்டாயிடுச்சு. கரண்டு போச்சா?”

“கரண்டு போனா முழுசாப் போயிடும்ணா. நடுவுல பொட்டி இருக்கா?”

“இருக்கு.”

“இப்ப நீங்க எதனா இன்ஸ்டால் பண்றீங்களா?”

“நான் ஒண்ணும் தொடல சார். டீ குடிச்சுட்டு வந்தேன்.”

“வெளியிட்டவர்னு பேரு போட்டிருக்குமே, இன்னா போட்டிருக்கு?”

கொஞ்ச நேரம் எழுத்துக் கூட்டிப் படித்தார். “அன்நோன்.”

“அப்ப ‘நோ’ அழுத்துங்கண்ணா.”

மறுமுனையில் பேச்சில்லை. மண்டியில் யாரோ மூட்டை இறக்கும் சத்தம் மட்டும் கேட்டது.

“‘யெஸ்’ அழுத்திட்டேனே சார்.”