நடிக்காதே, தம்பி!

பல்கலைக்கழக வளாகத்தில் காலை ஆறு மணிக்கு யாராவது அலறினால் பழைய காவலாளி திரும்பிக்கூடப் பார்க்கமாட்டார். புதிதாகச் சேர்ந்தவர்தான் தடியைத் தூக்கிக்கொண்டு ஓடுவார். போய்ப் பார்த்தால் புல்தரையில் இருபது பிள்ளைகள் குப்புறப் படுத்து ஊர்ந்துகொண்டிருப்பார்கள். நடுவில் கசங்கிய ஜிப்பாவும் கழுத்தில் துண்டுமாக ஒருவர் கண்ணை மூடி நின்று, “இன்னும் அடிவயித்துலேர்ந்து வரட்டும். பல்லி தொண்டையால கத்தாது” என்று சொல்லிக்கொண்டிருப்பார். அவர்தான் நாடகத்துறைப் பேராசிரியர். விலங்கியல் துறை பக்கத்துக் கட்டடத்தில்தான் இருக்கிறது. அங்கிருந்து இதுவரை யாரும் ஆட்சேபிக்கவில்லை.

இவரிடம் படித்தவன் எதை மறந்தாலும் ஒன்றை மறக்கமாட்டான்: “நடிக்காதே, தம்பி.” நடிப்பு சொல்லிக்கொடுக்கச் சம்பளம் வாங்குகிறவர் நாள் முழுக்க நடிக்காதே என்கிறாரே என்று முதலாண்டுப் பையன் முழிப்பான். உடனே பேராசிரியர் ஸ்தனிஸ்லாவ்ஸ்கியைச் சாட்சிக்கு அழைப்பார். 1898-இல் மாஸ்கோ கலை அரங்கைத் தொடங்கியவர்களில் ஒருவரான அந்த ரஷ்யர், அழுதுகாட்டுவது நடிப்பல்ல, அழுவதற்கான காரணத்தைத் தேடிப் பிடிப்பதே நடிப்பு என்கிற கட்சி. நல்ல பாடம்தான். அதை நடத்தும்போது பேராசிரியரின் புருவம் நெற்றி உச்சிக்குப் போகும். குரல் கிணற்றுக்குள் இறங்கும். பாதி வாக்கியத்தில் நிறுத்தி, ஜன்னலுக்கு வெளியே தொலைதூரத்தைப் பார்ப்பார். அங்கே சைக்கிள் ஸ்டாண்டுதான் இருக்கும். அந்த அறையில் நடிக்காதவர்கள் அத்தனை பேரும் தரையில் உட்கார்ந்திருக்க, நடிக்கிற ஒரே ஆள் கரும்பலகை ஓரம் நிற்பார்.

தமிழில் நாடகத்தைப் பட்டப்படிப்பாகச் சொல்லித்தரும் இடங்கள் அதிகமில்லை. தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழகம், புதுவைப் பல்கலைக்கழகம், கடல் தாண்டினால் யாழ்ப்பாணம், மட்டக்களப்பு. புதுவையில் உள்ள நிகழ்கலைப் பள்ளிக்குச் சங்கரதாஸ் சுவாமிகளின் பெயர். 1867-இல் பிறந்து 1922-இல் புதுச்சேரியில் மறைந்த சுவாமிகள் முதலில் நடிகர். எமன், சனீஸ்வரன் எல்லாம் அவர் கட்டிய வேடங்கள். அவருடைய எமனைப் பார்த்த கர்ப்பிணி ஒருத்திக்குக் கரு கலைந்துவிட்டதென்றும், அதிலிருந்து வேடம் கட்டுவதை விட்டுவிட்டு ஆசிரியராகிவிட்டார் என்றும் சொல்வார்கள். அளவுக்கு மீறி நடித்ததால் வாத்தியாரானவர் அவர். இன்றைய வாத்தியார்கள் மீது அப்படியொரு புகார் இதுவரை வந்ததில்லை. ‘அபிமன்யு சுந்தரி’ நாடகத்தைச் சுவாமிகள் ஒரே இரவில் எழுதி முடித்ததாக அவர் சீடர் டி. கே. சண்முகம் பதிவு செய்திருக்கிறார். இன்று ஒரு பக்கப் பாடத்திட்டத்தைத் திருத்த நம்மவருக்கு இரண்டு செமஸ்டர் பிடிக்கிறது. கேட்டால், “ரிசல்ட் முக்கியமில்லைங்க, பிராசஸ்தான் முக்கியம்” என்பார்.

துறையில் ஒருவராவது டெல்லி தேசிய நாடகப் பள்ளியில் படித்தவராக இருப்பார். 1962 முதல் 1977 வரை அதன் இயக்குநராக இருந்த இப்ராஹிம் அல்காசி கண்டிப்புக்குப் பேர்போனவர். நம்மவர் அங்கே போய்ச் சேர்ந்தபோது அல்காசி விலகிப் பல வருஷம் ஆகியிருந்தது. ஆனாலும் மேடையில் தூசியைக் கண்டால், “அல்காசி இருந்திருந்தா இதைப் பார்த்துட்டுச் சும்மா இருப்பாரா?” என்று துடைப்பத்தைக் கையில் எடுத்துவிடுவார். எடுப்பதோடு சரி. வாங்கிப் பெருக்குவது கௌரவ விரிவுரையாளர். குரல் பயிற்சி, ஒப்பனை, உலக நாடக வரலாறு, ஏணியில் ஏறி விளக்கைத் திருப்புவது எல்லாம் அந்த மனிதர் தலையில்தான். கௌரவம் பதவியின் பெயரிலேயே கொடுக்கப்பட்டுவிட்டதால் சம்பளம் மாதாமாதம் வரவேண்டும் என்று அவரும் எதிர்பார்ப்பதில்லை.

டெல்லிக்குப் போகாதவர்களுக்குக் காந்திகிராமம். 1977-இல் அங்கே நடந்த நாடகப் பட்டறை நவீனத் தமிழ் நாடகத்துக்கு ஒரு தொடக்கம், அதில் சந்தேகமில்லை. சந்தேகம் எண்ணிக்கையில்தான். அதில் கலந்துகொண்டதாகச் சொல்லிக்கொள்ளும் எல்லாரையும் ஒன்றாகக் கூட்டினால் திண்டுக்கல் ஜங்ஷன் கொள்ளாது. அப்போது பிறந்தேயிராத ஒருவர் கருத்தரங்கில், “நாங்க காந்திகிராமத்துல இருந்தப்ப” என்று ஆரம்பித்து, தண்ணீர் குடித்துவிட்டு, “எங்க சார் இருந்தப்ப” என்று திருத்திக்கொண்டார்.

கூத்தில் ஆராய்ச்சி செய்தவர் தனி ரகம். அவருடைய முனைவர் பட்ட ஆய்வு கூத்தின் கோமாளியான கட்டியங்காரனைப் பற்றியது. பார்வையாளர் கதையில் கரைந்துபோகாமல் விலகி உட்கார்ந்து யோசிக்க வேண்டும் என்று ஜெர்மனியில் நாடகாசிரியர் பிரெக்ட் மண்டையை உடைத்துக்கொண்டார். நம் ஊர்க் கூத்துக்களத்தில் துரியோதன மகாராஜா கொலுவுக்கு வரும்போதே கட்டியங்காரன் அவரை நிறுத்தி வைத்து நக்கலடித்து அந்த வேலையை எப்போதோ முடித்துவிட்டான். இது அருமையான கண்டுபிடிப்பு. எத்தனை ஆய்வேடுகளில் புதிதாகக் கண்டுபிடிக்கப்பட்டிருக்கிறது என்பதை மட்டும் எண்ணக்கூடாது. இவர் தம் ஆய்வுக்கு ஆதாரமாக இருந்த கூத்து வாத்தியாரை வகுப்பெடுக்க அழைத்து வருவார். பதினெட்டாம் போரை ஏட்டைப் பார்க்காமல் விடிய விடிய ஆடிக் காட்டக்கூடிய மனிதர். அலுவலகப் படிவத்தில் கல்வித் தகுதி என்ற இடத்தில் ‘ஐந்தாம் வகுப்பு’ என்று எழுதுவார். அந்தத் தகுதிக்கு உரிய தொகையைக் கையில் கொடுப்பார்கள். ஒரு வாத்தியார் அதை எண்ணிப் பார்த்துவிட்டுப் பேராசிரியரிடம் பவ்யமாகக் கேட்டார்: “என்னப் பத்தி எழுதுன உங்களுக்கு இவ்ளோ சம்பளம் தர்றாங்களே சாமி, என்னப் பத்தி நானே எழுதுனா எவ்ளோ தருவாங்க?” இந்த இடத்தில் எனக்குச் சிரிப்பு வரவில்லை. பேராசிரியருக்கும் வரவில்லை என்பதை அவர் கணக்கில் வரவு வைக்க வேண்டும்.

நிர்வாகத்துக்கு நாடகத்துறையின் ஞாபகம் இரண்டு சமயங்களில் வரும். தரம் பார்க்க நாக் குழு வந்தால் வாசலில் பறையும் கரகமும் வேண்டும். டெங்கு வந்தால் வீதி நாடகம் வேண்டும். “பத்து நிமிஷம் போதும் சார், கொஞ்சம் காமெடியா இருக்கட்டும்” என்று போன் வரும். “கலைன்னா என்ன, சுவரொட்டியா?” என்று பேராசிரியர் ஒரு மணி நேரம் குமுறுவார். குமுறி முடித்ததும் ஒத்திகை. உள்ளதிலேயே ஒல்லியான பையன் கொசு.

“நீ யாரு?”

“கொசு சார்.”

“எந்தக் கொசு?”

“ஏடிஸ் சார்.”

“எங்கேர்ந்து வர்றே?”

“தொட்டித் தண்ணியிலேர்ந்து சார்.”

“அங்க உனக்கு என்ன குறை? எதுக்குக் கிளம்பி வந்தே?”

பையன் திணறுவான். எதுக்குக் கடிக்கிறோம் என்று யோசித்த கொசு உலகத்தில் அவன் ஒருவன்தான்.

“நோக்கம் இல்லாமக் கடிக்காதே, தம்பி. கடிக்கிறது பொம்பளைக் கொசு. அந்த ரத்தம் உன் வயித்துல இருக்கிற முட்டைக்கு. நீ தாய். தாயாக் கடி!”

பேருந்து நிலையத்தில் நாடகம் நடந்த அன்று பையன் தாயாகவே கடித்தான். சுகாதார ஊழியர் கொசு பேட்டோடு நுழைந்தபோது கூட்டத்தில் ஒரு பாட்டி, “பாவம், புள்ளத்தாச்சிய அடிக்காதடா!” என்று கத்திவிட்டார். ஜனங்கள் கைதட்டினார்கள். பேராசிரியரின் கண் கலங்கியது. மாவட்டச் சுகாதார அதிகாரி மட்டும் கைதட்டவில்லை.

ஆனால் பேராசிரியரின் முழுத் திறமையையும் காண வேண்டுமென்றால் மேடைக்குப் போகக்கூடாது, நிதிப்பிரிவுக்குப் போக வேண்டும். தொல்காப்பியர் மெய்ப்பாடு எட்டு என்று வகுத்தார். எட்டையும் ஒரே முகத்தில், ஒரே முற்பகலில் அங்கேதான் பார்க்க முடியும். ஆண்டுத் தயாரிப்புக்கு முன்பணம் கேட்டு உள்ளே போகும்போது பெருமிதம். தம்முடைய கோப்பு எந்த அடுக்கில் எந்த ஆழத்தில் கிடக்கிறது என்று கண்டதும் மருட்கை. “போன வருஷ அட்வான்ஸே இன்னும் செட்டில் ஆகலையே சார்” என்று பிரிவு எழுத்தர் சொன்னதும் அச்சம். பிறகு பில்கள் ஒவ்வொன்றாக வெளியே வரும்.

“மூங்கில் சரி. சாக்குத்துணி சரி. இது என்ன சார், குங்குமம் மூணு கிலோ?”

“ரத்தம்.”

“வடை நூத்திருபது?”

“ஒத்திகை.”

“ஒத்திகையில வடை வருதா சார்?”

“ஒத்திகை ராத்திரி ரெண்டு மணி வரைக்கும் வருது.”

இங்கே இளிவரல். தணிக்கைக்காரர் வடைக்குத் தடை போட்டிருக்கிறார் என்று தெரிந்ததும் வெகுளி. “அப்ப கலையே வேண்டாம்னு எழுதிக் குடுத்துடுங்க!” என்று அவர் கர்ஜிப்பது மூன்று பிரிவுகளுக்குக் கேட்கும். எழுத்தர் அசையமாட்டார். அடுத்து அழுகை. டெல்லியில் கற்றது, காந்திகிராமத்தில் கேட்டது எல்லாம் சேர்ந்து ஒரு சொட்டு, இமையோரத்தில் வந்து விழாமல் நிற்கும். எழுத்தருக்குப் பின்னால் தட்டச்சு செய்யும் அம்மாள்தான் முதலில் இளகுவார்: “பாவம், போட்டுக் குடுங்க சார்.” இளகியது தெரிந்ததும் நகை. கையெழுத்து விழுந்ததும் உவகை. இவ்வளவையும் செய்தவர் அப்படியே வகுப்புக்குப் போய், அப்பா செத்த காட்சியில் விம்மிக்கொண்டிருக்கும் மாணவியிடம் சொல்வார்: “அம்மாடி, நடிக்காதே.”

சினிமா என்றால் இவருக்கு ஆகாது. “அங்க என்ன இருக்கு, குளோசப்புதானே?” என்பார். இரண்டு படத்தில் நடித்திருக்கிறார். ஒன்றில் நீதிபதி, ஒன்றில் பிரேதம். “கதைக்குத் தேவைப்பட்டுது, அதான் ஒத்துக்கிட்டேன்” என்பார். தொலைக்காட்சியில் அந்தப் படங்கள் வரும் நாளை மாணவர்களுக்கு வாட்ஸ்அப்பில் முன்கூட்டித் தெரிவிப்பவர் யாரென்று நான் சொல்லப்போவதில்லை. அந்தப் பிரேதத்தின் வயிறு மூச்சுக்கு ஏறி இறங்குவது நன்றாகவே தெரியும். வசனமில்லாத உயிருள்ள பாத்திரமாக அதை உள்வாங்கியதாக விளக்கம்.

பிள்ளையைக் கொண்டுவந்து சேர்க்கும் அப்பா, “இதப் படிச்சா என்ன வேலைங்கய்யா கெடைக்கும்?” என்று கேட்கும்போது மட்டும் பேராசிரியரிடம் எந்த மெய்ப்பாடும் உதவிக்கு வராது. ஓர் இடைவெளி விடுவார். நீண்ட இடைவெளி. அந்த இடைவெளியிலேயே சில அப்பாக்கள் பிள்ளையைக் கூட்டிக்கொண்டு பி.காம். பக்கம் போய்விடுவார்கள்.

இத்தனை சொன்ன பிறகு இதையும் சொல்லியாக வேண்டும். தயாரிப்பு வாரத்தில் இந்த மனிதர் வேறு ஆள். முன்பணம் தீர்ந்ததும் சொந்தப் பணம். சொந்தப் பணம் தீர்ந்ததும் வீட்டு அலமாரி. பாஞ்சாலி உடுத்தி வருவது வீட்டம்மாவின் கல்யாணப் பட்டு. துச்சாதனன் உருவுவதற்கு மேலும் ஏழெட்டுப் புடவை தேவைப்படும். வீட்டம்மா முதல் வரிசையில் உட்கார்ந்து ஒவ்வொன்றாக எண்ணிக்கொண்டிருப்பார். துகிலுரியும் காட்சியில் அந்த அம்மாள் படும் பதற்றத்தைப் பாஞ்சாலியாலேயே கொண்டுவர முடியாது. மேடையின் பக்கவாட்டு இருட்டில் பேராசிரியர் நிற்பார். நள்ளிரவில் ஆணி அடித்த கட்டைவிரலில் துணி சுற்றியிருக்கும். எல்லாப் பாத்திரங்களின் வசனத்துக்கும் உதடு அசையும். பையன் ஒருவன் ஒரு வரியை விட்டுவிட்டால் இவருக்கு மூச்சு நிற்கும். அவன் சமாளித்துவிட்டால் இங்கே இருட்டில் ஒரு சின்னக் குதி. வேறெந்தத் துறையில் வாத்தியார் பரீட்சை எழுதும் பிள்ளைக்குப் பக்கத்தில் நின்று இப்படி வியர்த்திருக்கிறார் என்று எனக்குத் தெரியவில்லை.

நாடகம் முடிந்ததும் கலந்துரையாடல். இயற்பியல் பேராசிரியர் எழுந்து, “கடைசியில திடீர்னு இருட்டாச்சே, அதுக்கு என்ன அர்த்தம்?” என்பார். “அந்த இருட்டு நாமதான்” என்று நம்மவர் தொடங்கும்போது, விளக்குப் பலகையிலிருந்து கௌரவ விரிவுரையாளர், “ப்யூஸ் போயிடுச்சு சார்” என்று உண்மையைச் சொல்லிவிடுவார். அவரிடம் அன்று முழுக்க யாரும் பேசமாட்டார்கள்.

ஒருநாள் பேராசிரியருக்கும் அறுபது வயதாகும். பிரிவுபசார விழா, மாலை, மாணவர்கள் கண்ணீர், எல்லாம் நன்றாக நடக்கும். ஓய்வூதியக் கோப்பு நகர வேண்டுமானால் நிலுவையில்லாச் சான்று வேண்டும். அதற்கு நாடகத்துறை இருப்புப் பதிவேட்டைச் சரிபார்க்க வேண்டும். வாள், அட்டை, 11. கதை, பஞ்சு அடைத்தது, 3. சிம்மாசனம், ஒரு கால் இல்லாதது, 1. இராவணன் தலை, காகிதக்கூழ், வாங்கியது 10, இருப்பு 9.

“ஒரு தலை இல்லையே சார்.”

“எலி தின்னுருக்கும்.”

“அப்படி எழுத முடியாது சார். தலை இருக்கணும், இல்ல காசு கட்டணும்.”

பேராசிரியர் பெருமிதத்தில் ஆரம்பித்து வெகுளி வரைக்கும் வந்துவிட்டார். தட்டச்சு அம்மாள் அதே இடத்தில்தான் உட்கார்ந்திருந்தார், இளகத் தயாராக. இமையோரத்துச் சொட்டு கிளம்பும் நேரத்தில் எழுத்தர் பதிவேட்டை இன்னொரு தரம் பார்த்துவிட்டு நிமிர்ந்தார்.

“சார், ஒரு சந்தேகம். இராவணனா நடிச்ச பையனுக்குச் சொந்தத் தலை ஒண்ணு இருந்திருக்கும்ல?”

“ஆமா.”

“அப்ப ஒம்பதுதானே வாங்கணும்? பத்துக்கு எப்படி பில் போட்டீங்க?”

பேராசிரியரின் முகத்தில் எட்டில் ஒன்றுகூட வரவில்லை. புருவம் இருந்த இடத்திலேயே இருந்தது. குரலும் எழவில்லை. சைக்கிள் ஸ்டாண்டு ஜன்னலுக்கு வெளியே இருந்தும் அவர் அந்தப் பக்கம் திரும்பவில்லை.

“சும்மா நிக்காதீங்க சார்” என்று எழுத்தர் ஒரு வெள்ளைத்தாளை நீட்டினார். “விளக்கம் எழுதிக் குடுங்க.”