நாற்பத்திரண்டுக்குச் சிரிக்காதவர்கள்: ஒரு வகைப்பாட்டு முயற்சி

டக்ளஸ் ஆடம்ஸ் எழுதிய 'தி ஹிட்ச்ஹைக்கர்ஸ் கைடு டு த கேலக்ஸி' நாவலைக் கடைசிப் பக்கம் வரை படித்தும் சிரிப்பு வராத நிலை, முறையான ஆய்வுக்கு இன்னும் உட்படவில்லை. 1979 அக்டோபரில் பான் புக்ஸ் வெளியிட்ட இந்த அறிவியல் புனைகதைக்கு உலகெங்கும் அன்பர்கள் உண்டு. பிடிக்காதவர்களைக் கணக்கெடுப்பதுதான் கடினம். அவர்கள் பெரும்பாலும் வாய் திறப்பதில்லை. ஒருமுறை திறந்தவர்கள் மறுமுறை திறப்பதில்லை.

அவர்கள் வாழும் சூழலை அறிந்தால் இந்த மௌனம் புரியும். ஆண்டுதோறும் மே 25 அன்று, படித்த, வேலையில் உள்ள, வரி கட்டுகிற பெரியவர்கள் ஆசிரியரின் நினைவாகத் தோளில் துண்டுடன் நடமாடுகிறார்கள். கதாநாயகன் ஆர்தர் டென்ட்டின் பெயரில் ஒரு சிறுகோள் சூரியனைச் சுற்றுகிறது. 2018இல் விண்வெளிக்கு அனுப்பப்பட்ட காரின் உள்திரையில்கூட 'பதறாதே' என்ற இந்நூலின் புகழ்பெற்ற அறிவுரைதான் இருந்தது. பூமியிலும் அதற்கு வெளியிலும் ஆதரவாளர்களைக் கொண்ட ஒரு புத்தகத்தை எதிர்த்துப் பேசத் துணிவு வேண்டும்.

பிடிக்காதவர்களில் மிகப் பரவலான இனம், புத்தகத்துக்கு முன்பே நகைச்சுவை வந்து சேர்ந்துவிட்டவர்கள். பிரபஞ்சம் பற்றிய இறுதிக் கேள்விக்கு ஒரு கணினி 75 லட்சம் ஆண்டுகள் யோசித்து 42 என்று விடை சொல்வது, எதிர்பாராமல் வந்து விழவேண்டிய வேடிக்கை. இவர்களோ அதைக் கல்லூரி விடுதியில் கேட்டு, அலுவலகத்தில் கேட்டு, கடவுச்சொல்லாகவும் பார்த்துவிட்ட பிறகே நூலைத் திறக்கிறார்கள். உரிய பக்கம் வரும்போது சிரிக்க எதுவும் மிச்சமில்லை. இதில் ஆசிரியருக்குப் பங்கில்லை. குற்றம் முழுவதும் அன்பர்களையே சேரும்.

இரண்டாவது இனம் எண்ணிக்கையில் சிறியது, ஆய்வுக்குரிய செய்தி மிகுந்தது: இவர்கள் கதை எங்கே என்று கேட்பவர்கள். 'கைடு' நாவலாகப் பிறக்கவில்லை. 1978 மார்ச் 8 அன்று பிபிசி வானொலி 4இல் இரவு நேரத் தொடராகத்தான் தொடங்கியது. கதைசொல்லி பீட்டர் ஜோன்ஸின் நிதானமான குரலும் விசித்திர ஒலிகளும் சேர்ந்து, வாரத்துக்கு அரை மணி நேரம் ஓடிய அதில் முழுக்கதை வேண்டும் என்று கேட்க எவருக்கும் நேரமில்லை. அதன் முதல் நான்கு பகுதிகளே பெரும்பாலும் நாவலாயின. காகிதத்தில் அந்தக் குரல் இல்லை. வாசகர் தாமே வாசிக்க வேண்டியிருக்கிறது; வாசிக்கிறவர் யோசிக்கவும் செய்கிறார். விண்வெளியில் வீசப்பட்ட நாயகனும் நண்பனும் 29ஆம் விநாடியில், நடக்கவே வாய்ப்பில்லாதவற்றை நடத்திக்காட்டும் ஓர் எந்திரம் பொருத்திய கப்பலால் காப்பாற்றப்படுகிறார்கள். கதை முட்டுச்சந்தில் நிற்கும்போதெல்லாம் கைகொடுக்க ஆசிரியரே செய்துகொண்ட கருவி இது. வேடிக்கையே அதுதான் என்று அன்பர்கள் விளக்குகிறார்கள். இவ்வினத்தார் தலையசைத்து, புரிகிறது என்கிறார்கள். விளக்கம் அத்துடன் வெற்றி பெறுகிறது, சிரிப்பு வருவதில்லை. நாவல் முடிவதும் முடிவாக அல்ல: எல்லோரும் சாப்பிடக் கிளம்புகிறார்கள், பக்கம் தீர்ந்துவிடுகிறது. கெடு தவறுவதில் பேர்போன ஆடம்ஸிடம், எழுதிக்கொண்டிருக்கும் பக்கத்தோடு நிறுத்திக் கொடுத்துவிடச் சொல்லிப் பதிப்பகம் பிரதியை வாங்கிக்கொண்ட கதை பிரபலமானது.

மூன்றாவதாக, டிரில்லியனுக்காக வருந்துபவர்கள். வானியற்பியல் படித்த பெண். நூலின் ஒரே முக்கியப் பெண் பாத்திரம். கப்பலில் அவருக்குச் சொல்லிக்கொள்ளும்படி வேலை இல்லை. இந்தக் குறைக்கு மறுப்பு எதுவும் தேவைப்படவில்லை.

நகைச்சுவை உணர்வே இல்லாதவர்கள் என்று இவர்களை ஒதுக்குவது பிழையான நோயறிதல். இரண்டாம் இனத்தாரின் அலமாரியில் பி.ஜி.உட்ஹவுஸ் நிச்சயம் இருப்பார். ஆடம்ஸே பெரிதும் போற்றிய எழுத்தாளர் அவர். உட்ஹவுஸில் பசு வடிவ வெள்ளிப் பால்குவளை ஒன்று களவு போனால், யார் கைக்கு, எந்த அறையில், எந்த அத்தையின் கண்ணெதிரில் போய்ச் சேருகிறது என்று கடிகாரம்போலக் கணக்கு நடக்கும். குருவின் வாக்கியங்களைச் சீடர் கற்றுக்கொண்டார், கடிகாரத்தை விட்டுவிட்டார் என்பதே இவர்களின் வழக்கு. ஆடம்ஸை நாவலாசிரியராக மதித்து நாவலுக்குரிய அளவுகோலை எடுத்தவர்கள் இவர்கள் மட்டுமே என்றுகூடச் சொல்லலாம். அன்பர்கள் அவரிடம் வாக்கியங்களுக்கு மேல் எதையும் கேட்டதில்லை.

சிகிச்சையாக அன்பர்கள் முதலில் பரிந்துரைப்பது அடுத்த பாகத்தை. ஐந்து பாகங்கள் கொண்டும் முத்தொகுதி என்றே வழங்கும் இவ்வரிசையில், ஆடம்ஸ் 2001இல் இறந்த பிறகு, 2009இல் ஓவன் கோல்ஃபர் ஆறாவதையும் சேர்த்தார். ஒவ்வாத மருந்தின் அளவைக் கூட்டுவது எந்த வைத்திய மரபிலும் இல்லை. 2005இன் திரைப்படத்தை அன்பர்களிலேயே பலர் பரிந்துரைப்பதில்லை. பயன் தரக்கூடியது மூல வானொலித் தொடர் ஒன்றே, அதுவும் இரண்டாம் இனத்துக்கு மட்டும். ஆறு பகுதிகள், பகுதிக்கு அரை மணி நேரம். மூன்று மணி நேரத்தில் பலன் தெரிந்துவிடும்.