போர்டு போச்சு சார்!

நீச்சல்குள பம்ப் நின்றால், அதை இயக்கும் மின்னணு போர்டின் மூடியைத் திறக்கும் முன்பே மெக்கானிக்கின் தீர்ப்பு வந்துவிடும்: ‘போர்டு போச்சு சார், புதுசு மாத்தணும்.’ பிரேதப் பரிசோதனைக்கு முன்பே இறப்புச் சான்றிதழ்! திறந்து, கருகிய இடத்தைப் பார்த்தாலே பாதி விஷயம் தெரியும். போர்டைக் காக்கும் வட்டமான வேரிஸ்டர் வெடித்திருந்தால் பெரும்பாலும் மின்னழுத்தம் எகிறியிருக்கும். டெர்மினலைச் சுற்றிக் கருகியிருந்தால் திருகு தளர்ந்து சூடேறியிருக்கும். காரணத்தைக் களையாவிட்டால் புதுப் போர்டும் அதே வழியில்தான் போகும். ‘தண்ணீர் புழங்குமிடத்தில் பழைய போர்டைப் பழுதுபார்த்து ஒட்டுப்போடலாமா?’ என்பார்கள். நியாயம்தான், இணைப்பைத் துண்டித்த பிறகும் கெப்பாசிட்டரில் மின்னேற்றம் தங்கும், எபாக்சி ஊற்றிய போர்டில் கைவைப்பதும் கடினம். அதனால் விவரம் தெரிந்தவரைக் கூப்பிட வேண்டும், சரி. பார்க்காமலே பில் போட அது எப்படிக் காரணமாகும்? எது எரிந்தது, ஏன் எரிந்தது என்று கேளுங்கள். பதில் வந்தபின் பணம் கொடுங்கள்.