மிச்சம் ஒரு மணித்தியாலம்

யாழ்ப்பாணத்தில் ரியூசன் காசை மிச்சம் பிடித்து, வீட்டிலேயே பிள்ளைக்குக் கணக்குச் சொல்லிக் கொடுக்க வெளிக்கிடும் தகப்பன்மார் இரண்டு வகை. பாடம் தெரிந்தவர்கள் முதல் வகை. அவர்கள் இரண்டு நாளில் தெளிந்து பிள்ளையை ரியூசனுக்கே அனுப்பிவிடுவார்கள். நான் மற்ற வகை.

மகள் கொப்பியை விரித்தாள். கதி = தூரம் ÷ நேரம். எங்கள் காலத்து மாஸ்ரர் காட்டித் தந்த முக்கோணத்தைக் கீறினேன். மேலே தூரம், கீழே கதியும் நேரமும். வேண்டியதை விரலால் மறைத்தால் மிச்சம்தான் விடை.

"முக்கோணம் மறந்துபோனால் என்ன செய்யிறது அப்பா?"

அவளுடைய ரீச்சர் இரண்டு பக்கத்தையும் நேரத்தால் பெருக்கச் சொன்னாவாம். தூரம் = கதி × நேரம் என்று வந்துவிடும். பிறகு இரண்டு பக்கத்தையும் கதியால் வகுத்தால் நேரம் எழுவாய். ஒரு பக்கத்துக்குச் செய்ததை மற்றப் பக்கத்துக்கும் செய்யவேண்டுமாம். சீதனம் பேசுகிற ஊரில் இப்படியும் ஒரு நியாயம் புழங்குகிறதா என்று வாயைப் பிளந்தேன்.

உதாரணத்துக்கு யாழ்தேவியைப் பிடித்தேன். 1956இல் ஓடத் தொடங்கிய கோச்சி. கொழும்பிலிருந்து ஏறத்தாழ 400 கிலோமீற்றர். எட்டு மணித்தியாலம் எடுத்தால் கதி மணிக்கு 50. சோதினைத் தாளுக்கென்றே செய்த எண். அதோடு விட்டிருக்கலாம். வாய் சும்மா இருந்தால்தானே! 1990இல் யூன் மாதம் நின்ற கோச்சி 2014 ஒக்ரோபரில்தான் திரும்ப யாழ்ப்பாணம் வந்தது என்று சரித்திரத்தையும் சேர்த்து ஊட்டினேன். மகள் கல்குலேற்றரை எடுத்தாள். கோச்சி நின்ற இடம் வவுனியா, அங்கிருந்து யாழ்ப்பாணம் 140 கிலோமீற்றர் என்று வைத்தாள். இருபத்துநாலு வருசம், நாலு மாதம்.

"மணிக்கு 66 சென்ரிமீற்றர் அப்பா."

தண்டவாளமும் சிலிப்பர் கட்டையும் பதுங்குகுழிகளுக்குப் போன காலம் அது. அதை ஒரு வகுத்தலுக்குள் அடக்கிவிட்டு, அடுத்த கணக்கு என்ன என்று கேட்கிறாள். பிழை பிடிக்கவும் வழியில்லை.

ஆகவே எனக்கு நன்றாகத் தெரிந்த வாகனத்துக்கு, அதாவது என் சைக்கிளுக்கு, இறங்கினேன். ஆடி மாதம், சோளகம் வீசுகிறது. டவுனிலிருந்து சுன்னாகம் சந்தை பத்துக் கிலோமீற்றர் என்று வைப்போம். போகும்போது காற்று முதுகில் பிடித்துத் தள்ளும், கதி 15. வரும்போது முகத்தில் அடிக்கும், கதி 10. சராசரி என்ன? கூட்டி இரண்டால் வகுத்துப் பன்னிரண்டரை என்பான் மூடன். (பக்கத்து வீட்டு எஞ்சினியர் அப்படித்தான் சொன்னார், பேர் வேண்டாம்.) போக நாற்பது நிமிடம், வர அறுபது. ஆக இருபது கிலோமீற்றருக்கு நூறு நிமிடம், சராசரி 12. மெல்லப் போகும் வழியில் கூடுதல் நேரம் செலவாகிறது, அதனால்தான் விடை கீழே இறங்குகிறது. இதை நான் விளக்கிய அழகை நானே மெச்சிக்கொண்டேன். நேற்றுக்கூட இதே கதியில்தான் போய் வந்தேன் என்று சாட்சியும் சொன்னேன்.

அடுப்படி வாசலில் முருங்கைக்காய் வெட்டிக்கொண்டிருந்த மனிசி கத்தியை வைத்தா. அவவுக்கு ஓ.எல்.லில் கணக்குக்கு என்ன பெறுபேறு என்று நான் ஒருநாளும் கேட்டு வைத்ததில்லை.

"நேற்றுக் காலமை ஆறு மணிக்கு வெளிக்கிட்டனீங்கள். ஒன்பதுக்கு வந்தனீங்கள். ஓட்டம் நூறு நிமிசம். ஒரு கட்டுக் கீரையும் அரைக் கிலோ கத்தரிக்காயும் வாங்க இருபது நிமிசம் போடுவம். மிச்சம் ஒரு மணித்தியாலம் எந்தத் தேத்தண்ணிக் கடையிலை கதி பூச்சியமாய் நிண்டனீங்கள்?"

"நேற்றுச் சோளகம் கடுமையப்பா" என்றேன்.

மகள் கொப்பியிலிருந்து தலையைத் தூக்கவேயில்லை. "காத்தை முதலே கணக்கிலை சேர்த்தாச்சு அப்பா."