லான் சார்

பணி ஓய்வுக்குப் பிறகு பல்லாவரம் பக்கம் வீடு கட்டிக் குடியேறுகிறவர்களில் தெருவுக்கு ஒருவராவது லான் சாராக இருப்பார். அந்த ஊர்ப் பாறை லேசுப்பட்டதல்ல. கல்கத்தாவில் கிழக்கிந்தியக் கம்பெனிக்காரர் ஜாப் சார்னாக்கின் கல்லறைக்கு இங்கிருந்துதான் கல் போயிற்று. பாறைக்கே சார்னோகைட் என்று அவர் பெயரை வைத்துவிட்டார்கள். கடப்பாரையை ஓங்கிப் போட்டால் பொறி பறக்கும் இந்த இடத்தில்தான் லான் சாருக்கு 400 சதுர அடி கொரியன் புல் வேண்டும். "ஒரு முருங்கை வைக்கலாமே?" என்று கேட்டுவிட்டால் அன்று முழுக்க உங்களோடு பேச மாட்டார்.

அரையடி உயரத்துக்கு மண் போட்டால் 200 கன அடி, அதாவது 2 யூனிட். இந்தக் கணக்கைப் பால்காரர் வரைக்கும் ஒப்பித்தாயிற்று. டிப்பர் வந்ததும் ஒரு பிடி அள்ளி, எச்சில் தொட்டு உருட்டி, மோந்து பார்ப்பார்.

"செம்மண்தானே கேட்டேன்? இது சவுடால்ல இருக்கு!"

"அசல் செம்மண் சார். வேணும்னா தின்னு பாருங்க."

தின்ன மாட்டார். ஆனால் கொஞ்சம் யோசிப்பார்.

"அடித்தரையக் கொத்திவிட்டு, எருவு கலந்து போடணும் சார். மேலாப்புல கொட்டினா தண்ணி எறங்காது. ஓரத்துல ஒரு வரிக் கல்லாவது கட்டுங்க" என்பார் தோட்டக்காரர். லான் சாருக்கோ பொங்கலுக்குள் பச்சை தெரிந்தாக வேண்டும். மேஸ்திரி விட்டுப்போன சிமென்ட் கட்டி, செங்கல் துண்டு எல்லாவற்றையும் மூடிக்கொண்டு மண் விழும்.

புல் வருவதற்கு முன்னால் கோரை வரும். மண்ணோடு வந்த கிழங்கு. கைலியை மடித்துக் கட்டி, ஸ்க்ரூ டிரைவரால் ஒவ்வொன்றாக நோண்டுவார். இலை கையோடு வரும், கிழங்கு வராது. வீட்டம்மா வடாம் காயப்போடக் கேட்டால், புல்லுக்கு மூச்சு முட்டும் என்பார். பேரன் பந்தை எடுத்துக்கொண்டு தெருவுக்குப் போய்விடுவான். இவரும் மிதிப்பதில்லை; சுவரோரமாகப் பல்லிபோல ஒட்டிக்கொண்டு நடப்பார்.

ஐப்பசி அடைமழையில் பாதி மண் பக்கத்து வீட்டுப் பள்ளத்துக்கு இறங்கிவிடும். அவர்கள் பேசாமல் அதில் ஒரு வாழைக் கன்றை ஊன்றி வைப்பார்கள். மறு வருஷம் அந்த வீட்டம்மா மதில் மேலாக ஒரு சீப்புப் பழம் நீட்டுவார்.

லான் சார் வாங்கிக்கொள்வார். பழத்தை எண்ணிப் பார்த்துவிட்டு மனைவியிடம் கேட்பார்:

"ஒரு யூனிட் மண்ணுக்கு ஒரே ஒரு சீப்பா?"