மால்டாவில் ஆர்.டி.ஓ.

"தினம் முக்கால் மணி நேரம் நடங்க" என்று டாக்டர் சொன்னபோது அவர் மனதில் இருந்தது எங்கள் தெருக்கோடிப் பூங்காதான். நானும் ஒழுங்காகப் போனேன். ஆறு சுற்று, முடிந்ததும் வாசலில் அருகம்புல் ஜூஸ், அந்தப் பச்சை வாசனை போக எதிர்க்கடையில் ரெண்டு மெதுவடை. இந்த வைத்தியத்தில் ஒரு வருஷமாக என் எடை ஒரு கிராம்கூடக் குறையவில்லை. கூடவும் இல்லையே என்பது என் கட்சி.

இந்த நிலையில்தான் தங்கை மகன் எங்களை மால்டாவுக்குக் கூப்பிட்டான். அங்கே ஓர் ஆஸ்பத்திரியில் நர்ஸாக இருக்கிறான். சிசிலிக்குத் தெற்கே, மத்தியதரைக் கடலுக்கு நடுவில், மொத்தம் 316 சதுர கிலோமீட்டரில் ஒரு தனி நாடு. சென்னை மாநகராட்சியே 426 சதுர கிலோமீட்டர். ஒரு தேசத்தையே நடந்து முடித்தாலும் வேளச்சேரியிலிருந்து மணலிக்குப் போன அலுப்புதான் இருக்கும் என்று கணக்குப் போட்டேன். கணக்கில் மேடு பள்ளத்தைச் சேர்க்க மறந்துவிட்டேன்.

"சின்ன நடைதான் மாமா. டிங்லியிலேர்ந்து கடலோரமாவே போனா அஞ்சாயிரம் வருஷத்துக் கல்லுக்கோயில் வந்துடும். எட்டு, பத்து கிலோமீட்டர் இருக்கும்."

"கோயில்னா பிரசாதம் உண்டாடா?"

"பக்கத்துல கடை இருக்கு மாமா."

என் மனைவிக்குக் குரலிலிருந்தே எல்லாம் புரிந்துவிடும். "நீங்க போயிட்டு வாங்க, நான் ரசம் வைக்கிறேன்" என்று ஒதுங்கிக்கொண்டாள்.

கடலோர நடை என்றால் செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு, அலையில் கால் நனைத்தபடி மெரினாவில் போவதுபோல இருக்கும் என்று நம்பியிருந்தேன். டிங்லியில் கடல் இருந்தது. ஓரமும் இருந்தது. இரண்டுக்கும் நடுவே சுமார் 250 மீட்டர் உயரம் இருந்தது. அந்த விளிம்பில் 1646-இல் கட்டிய மகதலா மரியாள் சிற்றாலயம் ஒன்று தன்னந்தனியாக நிற்கிறது. அந்த இடத்தில் கோயில் கட்டியவன் விவரமானவன். கீழே எட்டிப் பார்த்துவிட்டுத் திரும்புகிற எவனுக்கும் பக்தி தானாக வரும்.

தூரத்தில் கடலுக்குள் ஒரு பாறைத்தீவு. பெயர் ஃபில்ஃப்லா. "அங்கே போகலாமா?" என்றேன், படகில் உட்கார்ந்தே போகலாம் என்ற நப்பாசையில். கூடாதாம். பிரிட்டிஷ் காலந்தொட்டு 1971 வரை அந்தத் தீவைக் குறிபார்த்துக் குண்டு போட்டுப் பழகியிருக்கிறார்கள். அத்தனையும் தாங்கி அங்கே ஒரு வகைப் பல்லி பிழைத்திருக்கிறது, உலகத்தில் வேறெங்கும் இல்லாத வகை. இப்போது அது பாதுகாக்கப்பட்ட இடம், மனுஷன் கால் வைக்கக் கூடாது. குண்டு விழுந்தபோது யாரும் பல்லியிடம் சகுனம் கேட்கவில்லை போலும்.

கொஞ்சம் உள்ளே தள்ளிப் போனால் வண்டித்தடங்கள். வெறும் சுண்ணாம்புப் பாறையில், ஜோடி ஜோடியாக, சில இடங்களில் முழங்கால் ஆழத்துக்குப் பள்ளம். ஒன்றோடொன்று சேர்கின்றன, பிரிகின்றன, குறுக்கே வெட்டுகின்றன. ஆங்கிலேயர்கள் இதற்கு லண்டன் ரயில் சந்திப்பு ஒன்றின் பெயரை வைத்துவிட்டார்கள். நம் ஆள் பார்த்திருந்தால் விழுப்புரம் ஜங்ஷன் என்றிருப்பான். எந்தக் காலத்தில், எந்த வண்டி, எதை ஏற்றிக்கொண்டு போனது என்று அறிஞர்கள் இன்னும் சண்டை போட்டுக்கொண்டிருக்கிறார்கள்.

அங்கிருந்து திரும்பியபோதுதான் அதைப் பார்த்தேன். சாந்து பூசாமல் கல்மேல் கல் அடுக்கிய வேலிச்சுவர். அதில் வெள்ளைப் பெயிண்டால், கொட்டை எழுத்தில்: ஆர்.டி.ஓ.

எனக்கு முதுகுத்தண்டில் ஏதோ ஊர்ந்தது.

காரணத்தைச் சொல்லிவிடுகிறேன். முப்பத்தைந்து வருஷத்துக்கு முன்னால் திருச்சியில் டூவீலர் லைசென்ஸுக்காக எட்டுப் போடப் போனவன் நான். முதல் தடவை கால் ஊன்றிவிட்டேன். இரண்டாம் தடவை காலை ஊன்றவில்லை. வண்டியோடு நானே ஊன்றிவிட்டேன். மூன்றாம் தடவை மழை பிடித்துக்கொண்டது. ஆய்வாளர் தாழ்வாரத்துக்கு ஓடிவிட்டார். அன்று நான் போட்டது எட்டா, மூன்றா, அல்லது ஏதாவது வடமொழி எழுத்தா என்பது அவருக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. லைசென்ஸ் வந்துவிட்டது. ஆனால் அன்று முதல் அந்த மூன்று எழுத்தை எங்கே பார்த்தாலும், "சார், அந்த எட்டை இன்னொரு தடவை போடுங்க" என்று யாரோ கூப்பிடுவதுபோல இருக்கும்.

அடுத்த வளைவில் இன்னொரு ஆர்.டி.ஓ. அதற்கடுத்த பாறையில் இன்னொன்று. ஒரு பழைய பீப்பாயில்கூட ஆர்.டி.ஓ.

"இத்தனை கிளை அலுவலகமாடா? மொத்த நாடே ஒரு தாலுகா அளவுதானே இருக்கு!"

அவன் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். அது இத்தாலிய வார்த்தையின் சுருக்கமாம். 'ரிஸர்வாத்தோ', அதாவது இந்த இடம் ஏற்கெனவே ஒருத்தருக்கு ஆனது என்று பொருள். பறவை சுடுகிறவர்களும் வலை விரிக்கிறவர்களும் எழுதிவைப்பது. பஸ் ஜன்னல் வழியே துண்டு போட்டு சீட் பிடிக்கிற அதே வித்தைதான்; துண்டுக்குப் பதில் பெயிண்ட். ஐரோப்பாவுக்கும் ஆப்பிரிக்காவுக்கும் இடையே பறக்கிற பறவைகள் களைப்பாற இறங்குகிற தீவு இது. இறங்குகிற இடத்தில் ஒருத்தர் துப்பாக்கியோடு சீட் பிடித்து வைத்திருக்கிறார். இளவேனில் வேட்டையை நிறுத்தலாமா என்று 2015-இல் நாடு முழுக்க வாக்கெடுப்பு நடந்து, வேட்டை மயிரிழையில் ஜெயித்திருக்கிறது.

அப்படி எழுதிய ஒரு சுவருக்குப் பின்னாலிருந்தே ஒரு பெரியவர் எழுந்தார். பகீரென்றது. கையில் இருந்தது துப்பாக்கியல்ல, களைக்கொட்டு. மருமகன் 'போன்ஜு' என்று வணக்கம் சொன்னான். இந்த ஊர்ப் பேச்சே ஒரு கதம்பம். இலக்கணம் அரபு வழி, எழுத்து ரோமன், வணக்கம் பிரெஞ்சுச் சாயல். மாதா கோயிலில் மண்டியிட்டுக் கடவுளை 'அல்லா' என்றுதான் கூப்பிடுகிறார்கள். இத்தனைக்கும் மேலே, பிரிட்டிஷ்காரன் புண்ணியத்தில் வண்டி நம்மைப்போல இடது பக்கம் ஓடுகிறது.

எங்கள் ஊரில் இந்த மூன்று எழுத்துக்கு என்ன அர்த்தம் என்று பெரியவருக்கு ஆங்கிலத்தில் விளக்கினேன். எட்டுப் போட்ட கதையையும் அபிநயத்தோடு சொன்னேன். அவர் சுவரைத் தட்டிக்காட்டினார்.

"இதை எழுதினவர் எங்கப்பா. அவருக்குப் பறவை மேல ஆசை. எனக்கு முதுகுவலிதான் இருக்கு. அழிக்கணும்னா குனியணும், அதனால விட்டுட்டேன். தாராளமாப் போங்க."

போகும்போது செடியிலிருந்து பறித்து ஒரு கைப்பிடி பட்டைபட்டையான அவரைக்காய் கொடுத்தார். உரித்துப் பச்சையாகவே தின்னலாம். வழியெல்லாம் மஞ்சள் பூவோடு மண்டிக்கிடந்த ஒரு செடியையும் காட்டினார். "ஹஷீஷா" என்று அவர் ஆரம்பித்ததும் நான் இரண்டடி பின்வாங்கினேன். வயதான காலத்தில் வெளிநாட்டுச் சிறை வேண்டாம். ஹஷீஷா என்றால் இங்கே வெறும் களைதானாம். இது 'ஆங்கிலேயக் களை'. தண்டைக் கடித்தால் புளிக்கும், பிள்ளைகள் மென்றுகொண்டே திரிவார்கள். கடித்தேன். நம் புளியாரையின் பெரியப்பா! ஊர்ப்பெயர் தெரியாத வேலியோரத்தில் சொந்தக்காரரைப் பார்த்ததுபோல இருந்தது.

அதற்குப் பிறகு பாதை என்பது ஒரு மரியாதைக்காகச் சொல்வது. இறங்கு, ஏறு, சறுக்கு. இறங்கும்போது முழங்கால் பேசியது, ஏறும்போது மெதுவடைகள் பேசின. ஆர் லாப்ஸி என்ற குட்டித்துறைக்கு வந்தபோது என் பாட்டில் காலி. "ஆத்துல தண்ணி பிடிக்கலாமா?" என்றேன். இந்த நாட்டில் ஆறே கிடையாதாம். பெரும்பாலும் கடலை வடிகட்டித்தான் குடிக்கிறார்கள். 1980-களின் தொடக்கத்திலேயே இங்கே ஆலை வைத்துவிட்டார்கள். ஆர்.டி.ஓ.வைத் தாண்டினால் ஆர்.ஓ. மீஞ்சூரையும் நெம்மேலியையும் பார்த்தவனுக்கு இது புதிதல்ல. மனசுக்குள் ஒரு கேன் தண்ணீரை ஆர்டர் செய்துகொண்டே நடந்தேன்.

கடைசி ஏற்றத்தில் ஒரு சதுரக் கோபுரம், 1659-இல் கட்டியது. அப்போது தீவை ஆண்ட மாவீரர் சபையின் தலைவர் மார்ட்டின் டி ரெடின் கரையோரமாகப் பதின்மூன்று கோபுரங்கள் கட்டினார். ஒன்றிலிருந்து பார்த்தால் அடுத்தது தெரிய வேண்டும். கடலில் எதிரிக் கப்பல் தெரிந்தால் பகலில் புகை, இரவில் நெருப்பு. சேதி கோபுரத்துக்குக் கோபுரம் தாவித் தலைநகர் போய்விடும். அதன் நிழலில் உட்கார்ந்து மனைவிக்குப் போன் போட்டேன். சிக்னல் இல்லை. 1659-இல் இருந்திருக்கிறது.

கோபுரத்துக்குக் கொஞ்சம் கீழே வந்துவிட்டது முனைத்ரா கோயில். ஆனால் டிக்கெட் கொடுக்கிற இடம் மேலே ஹஜர் இம் கோயில் பக்கம், அரைக் கிலோமீட்டர் ஏற வேண்டும். வாங்கிக்கொண்டு அதே அரைக் கிலோமீட்டர் இறங்க வேண்டும். சிறப்பு தரிசன வரிசை இல்லாத ஒரே கோயில் இதுவாகத்தான் இருக்கும்.

எகிப்துப் பிரமிடுகளுக்கு முந்தைய கல் இது. ஆளுயரத்தைவிடப் பெரிய பாறைகளை நிறுத்தி, மேலே படுக்கவைத்து, துளையிட்டு வாசல் வைத்திருக்கிறார்கள். 2009-இல் இரண்டு கோயிலுக்கும் மேலே பெரிய வெள்ளைக் கூடாரம் போட்டுவிட்டார்கள், மழையிலும் வெயிலிலும் கல் கரையாமலிருக்க. எனக்கு அது கல்யாணப் பந்தலாகத்தான் தெரிந்தது. பந்தல் போட்டுவிட்டார்கள், பந்திதான் போடவில்லை.

ஹஜர் இம்மில் கிடைத்த கல்லுருவங்களை முந்தின நாளே வலெட்டா அருங்காட்சியகத்தில் பார்த்திருந்தோம். மடிப்பு மடிப்பான வயிறு, தூண் தூணான தொடை, தலை இல்லை. என் மனைவி அந்தச் சிலையைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், மறுபடி சிலையைப் பார்த்தாள். ஒன்றும் சொல்லவில்லை. என் உடல்வாகு கும்பிடப்பட்ட ஒரு காலம் இருந்திருக்கிறது என்று நான்தான் ஆறுதல் சொல்லிக்கொண்டேன்.

முனைத்ராவின் கீழ்க்கோயிலில், பகலும் இரவும் சமமாகிற நாளில், விடியற்காலை வெயில் நேராக வாசலுக்குள் நுழைந்து கடைசிவரை போகுமாம். நாங்கள் போனது சாயங்காலம். வெயில் கிளம்பிவிட்டிருந்தது. அங்கே கோயிலின் தரைப்படம் ஒன்றைப் பார்த்துக்கொண்டிருந்த மருமகன் திடீரென்று கூப்பிட்டான்.

"மாமா, இங்க வந்து பாருங்க."

வாசல். உள்ளே இரண்டு பக்கமும் உருண்டையாக ஓர் அறை. நடுவில் இடுப்பு மாதிரிக் குறுகல். அதைத் தாண்டி மறுபடி இரண்டு பக்கமும் உருண்டை. சந்தேகமேயில்லை. கல்லில் போட்ட எட்டு.

வெளியே வந்ததும் வேலியோரம் ஒரு சமதரை கிடைத்தது. பையை மருமகன் கையில் கொடுத்தேன். அவன் நாலடி தள்ளி, கையைக் கட்டிக்கொண்டு, ஆய்வாளர் மாதிரி முகத்தை வைத்துக்கொண்டான். ஒரு வட்டம், நடுவில் ஒரு திருப்பம், இன்னொரு வட்டம். கொப்புளம் கண்ட காலை ஒவ்வோர் அடிக்கும் நன்றாக அழுத்தி ஊன்றி ஊன்றியே போட்டேன். மழை இல்லை. பார்த்துக்கொண்டேதான் இருந்தான்.

"பாஸ் மாமா" என்றான்.