கூரையின் வேடம்: ஒழுகும் பொருளைப் பற்றி ஓர் ஆய்வு

கூரை என்பது வெயிலையும் மழையையும் தடுப்பது என்று பாடநூல்கள் சொல்கின்றன. ஐப்பசி, கார்த்திகையில் கூடத்தின் நடுவே வாளி வைத்துப் பழகிய செங்கல்பட்டு மாவட்டத்தார் இதை எளிதில் ஒப்ப மாட்டார்கள். மழையைத் தடுப்பது கூரையின் உபதொழில், முடிந்தால் செய்யும். அதன் முதல் தொழில் வேறொன்றைப் போல வேடமிடுவது. இதை நிறுவச் சான்றுகள் சிங்கப்பெருமாள் கோயிலிலிருந்து கடற்கரை வரை இறைந்து கிடக்கின்றன.

மூத்த சான்று மாமல்லபுரத்தில் உள்ளது. ஏழாம் நூற்றாண்டில் பல்லவர் செதுக்கிய திரௌபதி ரதம் பெயருக்குத்தான் ரதம். பார்வைக்கு அது கீற்று வேய்ந்த குடிசை. கீற்றுக் கூரைக்கு நல்ல சரிவு வேண்டும், இல்லையேல் தண்ணீர் ஊறி ஓலை மக்கிப்போகும். கல்லுக்கு மக்கும் கவலை இல்லை. ஆயினும் சிற்பி சரிவில் ஒரு விரற்கடைகூடக் குறைக்கவில்லை. பக்கத்தில் பீம ரதத்தின் கூரை கூண்டுவண்டியைப் போல வளைந்திருக்கிறது. மரச்சட்டத்தை வளைத்துக் கட்டுபவருக்கு அந்த வடிவம் தவிர்க்க முடியாதது. பாறையை வெட்டுபவருக்கு அது வீண் வேலை. நகுல சகாதேவ ரதத்தின் பின்புறமோ தூங்கானை மாடம், அதாவது யானையின் பின்புறத்தைப் போல வளைந்தது. நம்பாதவர்கள் ஒப்பிட்டுப் பார்க்க அருகிலேயே ஒரு யானையும் செதுக்கப்பட்டிருக்கிறது; இதைவிடக் கனமான அடிக்குறிப்பை எந்த ஆய்வாளரும் போட்டதில்லை. வேலை நடந்த வரிசையையும் கவனிக்க வேண்டும். கூரை வேய்பவர் இறவாணத்தில் தொடங்கி, மேல்வரிசை கீழ்வரிசையை மூடும்படி முகட்டுக்கு ஏறுவார். பல்லவச் சிற்பி முகட்டில் தொடங்கிக் கீழே இறங்கினார். அதனால்தான் தர்மராஜ ரதத்தின் உச்சி முழுமையாகவும் அடிப்பகுதி அரைகுறையாகவும் நிற்கின்றன. சுவரை எழுப்பிவிட்டுக் கூரைக்குக் கடன் தேடும் நம் காலத்தவருக்கு இது பொறாமை தரும் செய்தி.

‘அது கலை, வீட்டுக் கூரை அப்படியல்ல’ என்பர் மறுப்போர். வீட்டுக்கே வருவோம். பாசெல் மிஷன் என்னும் கிறித்தவ மறைபரப்பு அமைப்பு 1865இல் மங்களூரில் ஓட்டுத் தொழிற்சாலை தொடங்கியது. அங்கிருந்து பரவியதே நாம் சீமை ஓடு என்னும் மங்களூர் ஓடு. அதன் அறிவெல்லாம் அதன் காடியில் இருக்கிறது. ஓர் ஓடு அடுத்த ஓட்டைக் கவ்விக்கொள்ளும், ரீப்பர் இரண்டையும் தாங்கும். இன்று கிழக்குக் கடற்கரைச் சாலையில் கான்கிரீட்டையே சரிவாகப் போட்டு, அதன்மேல் இதே ஓட்டைச் சிமெண்டில் பதிக்கிறார்கள். காடிக்கு வேலை போய்விட்டது, ஓட்டுக்கு மட்டும் உத்தியோகம் நீடிக்கிறது. வெப்பம் குறையத்தான் என்று காரணம் சொல்லலாம். சமதளத்தில் தட்டோடு பதித்தாலோ சுண்ணாம்பு அடித்தாலோ வெப்பம் குறையுமே, சரிவும் முகட்டு ஓடும் எதற்கு? ஓட்டின் அச்சைக் குத்திச் செம்மண் நிறம் பூசிய தகரம் கடைகளுக்கு வந்தபின் இந்த வாதத்தை நீட்டுவதில் பயனில்லை. தகரம் வெயிலில் என்ன செய்யும் என்பது அதன் கீழ் உட்கார்ந்தவருக்குத் தெரியும்.

சற்று வலிமையான மறுப்பு ஒன்று உண்டு: மொட்டை மாடி எதைப் போலவும் நடிக்கவில்லையே? பழைய மெட்ராஸ் டெரஸை எடுத்துக்கொள்வோம். தேக்குக் கட்டைகளின் மேல் செங்கல்லைக் குத்துக்கல்லாகச் சாய்வாட்டில் அடுக்கி, செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கொட்டி, கடுக்காயும் வெல்லமும் ஊறிய தண்ணீரைத் தெளித்து, மரக்கட்டையால் நாள்கணக்கில் அடித்து இறுக்குவார்கள். இத்தனை பாடுபட்டு உருவானது வற்றல் காயும் களமாக வாழ்ந்தது. கான்கிரீட்டின் கதையை மொழியே காட்டிக்கொடுக்கிறது. ‘கூரை வீடு’ என்றால் நமக்கு ஓலை வேய்ந்த வீடு மட்டுமே. (கூறைப்புடவையை இங்கே இழுக்க வேண்டாம், அது வல்லின றகரம்.) கான்கிரீட் வீட்டில் போடுவது தளம். தளம் என்றால் தரை. அதாவது கான்கிரீட் கூரை, இன்னும் கட்டப்படாத மாடியின் தரையாக வேடமிடுகிறது. தூண்களின் உச்சியில் துருப்பிடித்து நீட்டிக்கொண்டிருக்கும் கம்பிகள் இந்த வேடத்தின் கிரீடம். கல்லும் ஓடும் போன தலைமுறையைப் பார்த்து நடிக்க, கான்கிரீட் வரப்போகும் தலைமுறையைப் பார்த்து நடிக்கிறது. கொடுக்கிற தெய்வம் கூரையைப் பிய்த்துக்கொண்டு கொடுக்கும் என்ற பழமொழி, தளம் போட்ட வீட்டுக்கு அத்தெய்வம் எப்படி வரும் என்று சொல்லவில்லை. ஒழுகல் மட்டும் வழி கண்டுபிடித்துவிட்டது.

இந்த விதிக்கு அடங்காதது ஒன்றே ஒன்று. சிங்கப்பெருமாள் கோயில் பாடலாத்ரி நரசிம்மரின் சன்னதி மலையைக் குடைந்து அமைந்தது. அங்கே சுவர் எங்கே முடிகிறது, கூரை எங்கே தொடங்குகிறது என்று எந்த மேஸ்திரியாலும் அளந்து சொல்ல முடியாது. மூலவரை மட்டும் தனியே வலம் வர இயலாததால் பக்தர்கள் மலையையே சுற்றி வருகிறார்கள். கூரையைப் பிரதட்சிணம் செய்வது என்பது இதுதான். மலை எதைப் போலவும் நடிக்கவில்லை. முகடு, கைமரம், வரிச்சு எதுவும் இல்லை. மேலே மாடி எழுப்பும் உத்தேசமும் இல்லாததால் உச்சியில் கம்பி நீட்டிக்கொண்டிருக்கவில்லை.